திருப்பூர் கேட்பது ஒரு தேதி

திருப்பூரில் இறங்கினால் நான் முதலில் பார்ப்பது கம்பெனி கேட்டுகளில் தொங்கும் பலகைகளைத்தான். மேலே பெயின்டில் 'ஆட்கள் தேவை' என்று நிரந்தரமாக எழுதியிருக்கும். கீழே சாக்பீஸில் அன்றன்றைய பட்டியல்: சிங்கர் டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி, அயர்னிங், பேக்கிங். இந்த ஊரின் நாடியை அந்தப் பலகையில் பிடித்துப் பார்த்துவிடலாம். பட்டியல் நீண்டிருந்தால் ஆர்டர் குவிந்திருக்கிறது. 'உடனடித் தேவை' என்றிருந்தால் கப்பல் தேதி நெருங்கிவிட்டது. பள்ளி விடுமுறைகளில் மாமா வீட்டில் தங்கி, இங்கே கைமடி வேலை பார்த்தவன் நான். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்கும் வேலை. எந்தக் கம்பெனியில் கேட்கலாம் என்று மாமா பலகைகளைப் படித்துத்தான் சொல்வார். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை காலை. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி அமலுக்கு வந்து ஐந்து வாரம் கடந்திருந்தது. ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். தீபாவளிக்கு இன்னும் பதினாறு நாள். வழக்கமாக இந்தப் பருவத்தில் '15 வேலம்பாளையம்' என்ற பகுதியின் சந்துகளில் பலகைகள் நிரம்பி வழியும். ஆள் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும். அன்று நான் நடந்த சந்தில் பாதிப் பலகைகளில் சாக்பீஸ் எழுத்தே இல்லை. ஒன்றில் 'செக்கிங் பெண்கள் 2' என்று மட்டும் இருந்தது. இன்னொன்றில் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கவே, கேட்டில் இருந்த பெரியவரிடம் விசாரித்தேன். "அது ஆடி மாசம் எழுதுனதுங்க. அழிக்கச் சொல்லி யாரும் சொல்லலை" என்றார்.

பன்னிரண்டு மிஷின், ஓடுவது ஐந்து

சந்தின் கடைசியில் ஒரு பவர்டேபிள். வெளியூர் வாசகருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். வெட்டிய துணியை வாங்கி வந்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையலகம் அது. வீட்டின் முன்பகுதியிலோ மாடியிலோ, தகரக் கூரைக்குக் கீழேயோ பத்துப் பதினைந்து மிஷின்கள் இருக்கும். திருப்பூரின் பனியனைத் தைப்பதில் பெரிய கட்டடங்களோடு இந்தத் தகரக் கூரைகளுக்கும் பங்கு உண்டு.

உள்ளே பன்னிரண்டு மிஷின். எல்லாவற்றின் நெற்றியிலும் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஓடிக்கொண்டிருந்தவை ஐந்து. ஓடும் மிஷின்களில் கைபட்டுச் சந்தனம் உதிர்ந்திருந்தது. நின்ற மிஷின்களில் வைத்தது வைத்தபடி இருந்தது. எவை மூன்று நாளாகத் தொடப்படவில்லை என்பதை நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். இருபது வருடம் டெய்லராக இருந்து, சீட்டுப் பணமும் மனைவியின் நகையும் சேர்த்துப் போட்ட தொழில் இது. மனைவி கீழே உட்கார்ந்து தைத்த பீஸ்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். எந்த நாட்டுக்குப் போகிற சரக்கு என்று கேட்டேன்.

"எங்களுக்கு எங்கீங்க தெரியும்? கட்டிங் பீஸ் மூட்டையில வரும், தைச்சுக் கொடுப்போம். லேபிளைப் பார்த்தா இங்கிலீசுல இருக்கும். ஆகஸ்ட் மொத வாரத்துல ராத்திரி பகல் பாக்காம தைக்கச் சொன்னாங்க, தைச்சோம். அடுத்த வாரம் வண்டி வரலை. போன் போட்டா, 'அமெரிக்கா சரக்குண்ணா, நிறுத்தி வெச்சிருக்கோம்'னாங்க. நம்ம தைச்சது அமெரிக்காவுக்குப் போச்சுன்னே அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரியுமுங்க."

ஏற்றுமதியாளர் என்ற பட்டியலில் இவர் பெயர் இல்லை. ஏற்றுமதி உரிமமும் அதற்கான வங்கிக் கடனும் இவரிடம் இல்லை. இருப்பது ஜாப் ஒர்க் பில் புத்தகம் ஒன்று, மிஷினுக்கு வாங்கிய கடன் ஒன்று, மாதம் தவறாமல் வரும் ஈ.பி. பில் ஒன்று. வாஷிங்டனில் கையெழுத்தான ஓர் ஆணை இந்தச் சந்துக்கு வந்து சேர ஒரு வாரம்தான் ஆனது. இதைச் சரிசெய்ய டெல்லியும் சென்னையும் சொல்லும் அறிவிப்பு இந்தச் சந்துக்கு எத்தனை நாளில் வந்து சேரும் என்ற கேள்வியோடுதான் அன்று முழுவதும் நடந்தேன்.

ஒரு பனியனின் கணக்கு

நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னால்தான் இந்த ஊரின் தவிப்பு புரியும். ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் நாட்டுக்கு நாடு தனி வரி அறிவித்தார். இந்தியாவுக்கு 26 சதவீதம். ஒரே வாரத்தில் அதை 90 நாள் நிறுத்திவைத்து, எல்லோருக்கும் பொதுவாக 10 சதவீதம் என்றார். ஆகஸ்ட் 7 முதல் இந்தியாவுக்கு 25 என்றானது. அதற்கு முந்தின நாளே, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 சேர்க்கும் ஆணை வந்தது. ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கம் கடந்த சரக்குக்கு மட்டும் அந்தக் கூடுதல் வரி கிடையாது என்று ஒரு விலக்கு. தூத்துக்குடியிலிருந்து அமெரிக்கக் கரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் கடல் பயணம். அறிவிப்பு வந்த வாரத்திலேயே கப்பலேற்றினால்தான் தப்பிக்கும். பவர்டேபிள்காரர் சொன்ன 'ராத்திரி பகல்' அந்த வாரம்தான்.

ஐந்து மாதத்துக்குள் நான்கு விகிதங்கள். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடித்துக் கப்பலேற மூன்று நான்கு மாதம் ஆகும். நூல் வாங்கும்போது இருந்த வரி, பெட்டி ஒட்டும்போது இல்லை.

ஒரு கணக்குக்கு, அன்றைய வரிப்படி, இங்கே 3 டாலருக்கு விலை பேசிய பருத்தி டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதற்குப் பழைய சுங்க வரியே 16.5 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 50 சென்ட். அதன்மேல் புதிய 50 சதவீதம், ஒன்றரை டாலர். ஆக 3 டாலர் பனியன் அங்கே கரையேறும்போது ஏறக்குறைய 2 டாலர் வரி. அதே பனியனை வங்கதேசமோ வியட்நாமோ இலங்கையோ அனுப்பினால் அப்போது புதிய வரி 20 சதவீதம்தான். மொத்தம் 1 டாலர் 10 சென்ட். வித்தியாசம் 90 சென்ட், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 ரூபாய். ஒரு பனியனில் பத்துப் பதினைந்து ரூபாய் நின்றால் நல்ல ஆர்டர் என்று சொல்லும் தொழில் இது. இந்த 80 ரூபாயை எந்த மூலையில் ஒளிப்பது?

மாடியில் நிற்கும் பெட்டிகள்

அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனி. உரிமையாளர் எனக்குத் தூரத்துச் சொந்தம். பெயர் போட வேண்டாம் என்றார். மாடியில் பேக்கிங் பகுதிக்கு அழைத்துப்போனார். கூரை வரை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சரக்கை வாங்கும் பையரின் பெயர், ஸ்டைல் நம்பர், சைஸ், எண்ணிக்கை.

"இது பூரா ரெடி சரக்கு. பையர் வேண்டாம்னு சொல்லலை, வேணும்னும் சொல்லலை. 'கொஞ்சம் பொறுங்க'ன்னு ஒரே மெயில். வரியில பாதியை நீங்க ஏத்துக்குங்கன்னு இன்னொருத்தர் கேட்கிறார். பாதியை ஏத்துக்கிட்டா நூல் காசு கூட வராது."

வேறு நாட்டுக்கு விற்கக் கூடாதா என்று நானும் வெகுளியாகக் கேட்டேன். ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். கழுத்து லேபிளில் அந்தக் கம்பெனியின் பிராண்ட். அச்சில் அந்த ஊர் விளையாட்டுக் குழுவின் சின்னம். அளவுகள் அமெரிக்க உடம்புக்கு. லேபிளைப் பிய்த்துக் கொடுத்தால் செகண்ட்ஸ் விலைதான். பேக்கிங் கிரெடிட்டில் வங்கியிலிருந்து எடுத்த பணம் இந்தப் பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது. வட்டி மட்டும் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்றுமதிக் கடனுக்கு அரசு தந்துவந்த வட்டிச் சலுகையும் 2024 டிசம்பர் 31-ஓடு நின்றுபோனது.

2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குத் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி செய்திருக்கிறது. அதுவரை காணாத உச்சம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அந்த உச்சத்துக்குப் பின்னே இன்னொரு ஊரின் துயரமும் இருந்தது. 2024 ஆகஸ்ட்டில் வங்கதேசத்தில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து, டாக்காவைச் சுற்றிய தொழிற்சாலைகள் முடங்கியபோது, இனி ஆர்டர் நம் பக்கம் திரும்பும் என்று இந்த ஊர் நம்பியது. மிஷின் வாங்கினார்கள், ஷெட் போட்டார்கள், கடன் எடுத்தார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் காற்று திசை மாறி, பையர்கள் டாக்காவுக்குப் போன் போட்டார்கள்.

"போன வருசம் அவங்களுக்கு வந்ததை நாம சந்தோசமாப் பார்த்தோம், பொய் சொல்ல முடியாது" என்றார் அவர், பெட்டியை மறுபடி ஒட்டிக்கொண்டே. "இப்பத் தெரியுது, டாக்கா பக்கத்துக் காஜிப்பூர்ல மிஷின்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணும் நம்ம வேலம்பாளையத்துப் பொண்ணும் ஒண்ணுதான்னு."

நஷ்டத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அடுத்த கோடைக்காலத்துக்கான ஆர்டர்களைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். அவற்றை உறுதி செய்யும் மாதங்கள் இவைதான். பேச்சுவார்த்தையில் வரி குறையுமா, குறைந்தால் எப்போது என்று தெரியாமல் எந்தப் பையரும் கையெழுத்துப் போடவில்லை. "அம்பதுதான் கடைசின்னு சொன்னா அமெரிக்காவை மறந்துட்டு ஐரோப்பாவுக்கு முழுசாத் திரும்பிருவோம். இருபதுன்னு சொன்னா பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிருவோம். ரெண்டுக்கும் வழி இருக்கு. எதுன்னு தெரியாம நிக்கிறதுக்கு வழி இல்லை. ஆளை வெச்சுக்கறதா அனுப்பறதா, நூலை வாங்கறதா விடறதா, ஒரு முடிவும் எடுக்க முடியலை."

பிரிட்டனோடு ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தால், அங்கே இந்திய ஆடைக்கு இருந்த சுங்க வரி நீங்கிவிடும். ஆனால் அன்று அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். அதில் எங்கே வட்டம் போடுவது என்பதுதான் அவர் கேள்வி.

காதர்பேட்டையில் மதியம்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை. உள்நாட்டு வியாபாரத்தின் இதயம். ஏற்றுமதியில் மிஞ்சியதும், உள்ளூருக்கென்றே தைத்ததும் இங்கே மூட்டை மூட்டையாகக் கைமாறும். மதியம் இரண்டு மணிக்கு நடக்க இடமில்லாமல் கூட்டம் இருந்தது. தீபாவளிச் சரக்கு எடுக்க வந்த வெளியூர் சில்லறை வியாபாரிகள், தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றும் தொழிலாளர்கள், இந்தியில் பேரம், கொங்குத் தமிழில் பதில். அதைப் பார்த்து மனம் கொஞ்சம் தேறியது.

செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. முன்பு அந்த வரம்பு 1,000 ரூபாயாக இருந்தது. வங்கதேச ஆடைகள் தரைவழியாக வருவதை மே மாதத்திலேயே மத்திய அரசு நிறுத்தி, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் அனுமதித்தது. இரண்டும் உள்நாட்டு உற்பத்தியாளருக்கு ஆறுதல்தான் என்று மொத்த வியாபாரி ஒருவர் சொன்னார். ஆனால் அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த கவலை வேறு.

"ஏற்றுமதி பண்ணிட்டு இருந்தவங்க எல்லாம் இப்ப இங்கே வர்றாங்க. அவங்களுக்குப் பெரிய மிஷின், பெரிய கடன். வட்டி கட்டணும்னு கெடைச்ச வெலைக்குத் தள்ளுறாங்க. சின்னக் கம்பெனிக்காரங்க அந்த வெலைக்குத் தைக்கவே முடியாது. சரக்குப் போகுது, பணம் வரமாட்டேங்குது. அறுபது நாள்னு எடுத்துட்டுப் போறவங்க நூத்திருவது நாள் ஆக்குறாங்க."

பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு எடுத்தால் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் பணம் கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று ஒரு விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதைச் சொல்லிக் காசு கேட்டால் அடுத்த முறை அந்த வாசலில் ஆர்டர் கிடைக்காது என்கிறார் அவர். சட்டம் சிறியவருக்குத் துணை நிற்கிறது. அதை எடுத்துக் காட்டும் துணிவுக்கு விலை கொடுப்பதும் அவரேதான்.

நொய்யல் பாலத்தில்

மாலையில் நொய்யல் பாலத்தில் சிறிது நேரம் நின்றேன். திருப்பூருக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "இந்த ஊரு எத்தனையோ பார்த்திருக்குது, எந்திரிச்சிரும்." காலையிலிருந்து நான்கு பேர் என்னிடம் அதைச் சொன்னார்கள். உண்மைதான். 1984-இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. 2011 ஜனவரியில், கீழே ஓடும் இந்த ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காகச் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தத் தண்ணீரால் நிலம் கெட்ட, ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் பல வருடம் போராடிப் பெற்ற நீதி அது. பிறகு 2016-இல் பணமதிப்பிழப்பு, 2017-இல் ஜி.எஸ்.டி., 2020-இல் கொரோனா. 2022-இல் நூல் விலை தாங்காமல் மே 16, 17 இரண்டு நாள் கம்பெனிகளை மூடிப் போராட்டம். ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்தது.

ஆனால் எழுந்தது யார் என்று பாலத்தில் நின்றபோது எண்ணிப் பார்த்தேன். 2011-க்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாமல் சுத்திகரிக்கும் செலவைத் தாங்க முடிந்த பட்டறைகள் திரும்ப வந்தன. தாங்க முடியாத சிறு பட்டறைகள் வரவில்லை. என் மாமா கடைசியாக வேலை பார்த்த இடம் அப்படி ஒரு சிறு பட்டறை. அதை நடத்தியவர் பிறகு ஊரில் இல்லை. எங்கே போனார் என்று மாமா பல வருடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஊர் எழுந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழுந்த ஊரில் இருந்த மனிதர்களும் எழுந்த ஊரில் இருந்த மனிதர்களும் ஒரே ஆட்கள் இல்லை என்பதைத்தான் அந்த வாக்கியம் சொல்லாமல் விடுகிறது. ஏற்றுமதிக் கணக்கில் அடுத்த ஆண்டு ஒரு புதிய உச்சம் வரலாம். அந்த எண்ணுக்குள் பன்னிரண்டு மிஷின்காரர் இருப்பாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அன்றுவரை வந்த உதவிகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் நீக்கி, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நூல் விலை குறைய அது உதவக்கூடியது. பருத்தி விவசாயிக்கு அதே அறிவிப்பு வேறொரு பயத்தைக் கொடுத்தது. அன்றைய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏற்றுமதியாளர் சங்கங்கள் டெல்லிக்குப் போய் வட்டிச் சலுகையும் கடன் தவணைக்கு அவகாசமும் கேட்டன. கேட்க வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாமே ஏற்றுமதியாளரின் வங்கிக் கணக்கு வழியாக வருபவை. அங்கிருந்து பவர்டேபிளுக்கும், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் போடும் அறைகளுக்கும், அட்டைப்பெட்டி செய்பவருக்கும் இறங்கி வர அன்றுவரை எந்தப் படிக்கட்டும் கட்டப்பட்டிருக்கவில்லை. நஷ்டம் மட்டும் அந்தத் தூரத்தை ஒரே வாரத்தில் கடந்துவிட்டது.

படிக்கட்டு கட்டுவது கடினமும் இல்லை. ஒரு சிறு தையலகம் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது என்பதை ஈ.பி. மீட்டரைவிடத் துல்லியமாகச் சொல்லும் சாட்சி வேண்டுமா? ஆகஸ்ட்டுக்கு முந்தைய மின்சாரச் செலவையும் பிந்தையதையும் ஒப்பிட்டு, பாதிக்குமேல் குறைந்திருந்தால் நிலைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். மிஷின் கடனுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுக்கலாம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிக்குக் குறைந்த ஷிப்ட்டுகளுக்கு ஈடாக ஒரு தொகையை நேரடியாகத் தரலாம். பெயரே ஏறாத தொழிலாளரும் இங்கே நிறையப் பேர். அவர்களைப் பதிவேட்டில் கொண்டுவர இதைவிட நல்ல தருணம் வராது.

சம்பள நேரம்

ஏழு மணிக்கு மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் மளிகைக் கடை, பேக்கரி, செல்போன் கடை, கறிக்கடை எல்லாம் உயிர் பெறும். அன்று பேக்கரியில் டீ மட்டும் போய்க்கொண்டிருந்தது. பப்ஸ் தட்டு அப்படியே இருந்தது.

பவர்டேபிளில் ஒரு ஸ்டூலின் மேல் நோட்டுப் புத்தகத்தை விரித்து, உரிமையாளரின் மனைவி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் என்று வாரத்துக்கு ஒன்பது ஷிப்ட் பார்ப்பது இங்கே வழக்கம். அன்று நான் கேட்ட எண்கள்: நாலு, மூணரை, நாலு, மூணு. பூஜை விடுமுறையும் சேர்ந்துகொண்டது. சம்பளத்தை வாங்கி எண்ணிப் பார்த்த ஒரு பெண், "அக்கா, போனஸ் உண்டுதானுங்களே?" என்று மெதுவாகக் கேட்டார். "உண்டு கண்ணு. எப்பவும் போலத்தான்" என்று பதில் வந்தது.

எல்லோரும் போன பிறகு, போனஸுக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்டேன். அந்த அம்மா தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். உரிமையாளர்தான் சொன்னார்: "போனஸ் கொடுத்தாத்தான் தீபாவளி கழிஞ்சு ஆள் திரும்பி வரும். ஆள் போயிருச்சுன்னா ஆர்டர் வந்தும் பிரயோஜனம் இல்லைங்க. நஷ்டத்துக்குப் பயமில்லை. எப்ப முடியும்னு மட்டும் யாராச்சும் சொன்னாப் போதும். ஒரு தேதி சொல்லச் சொல்லுங்க. அது வரைக்கும் எப்படியாச்சும் தாங்கிக்கறோம்."

வாசலில் ஓர் இளைஞன் காத்துக்கொண்டிருந்தான். ஒடிசாக்காரன், நான்கு வருடமாக இங்கே ஓவர்லாக் தைக்கிறான். தமிழ் கொங்குச் சாயலோடு வருகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறான். திரும்பி வருவதற்கு டிக்கெட் போடலாமா, வந்தால் வேலை இருக்குமா என்று கேட்கத்தான் நின்றிருந்தான். டிக்கெட் இப்போதே போடாவிட்டால் கிடைக்காது.

உரிமையாளர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, சந்தனம் கலையாத ஏழு மிஷின்களைப் பார்த்தார். சுவரில் இருந்த தினசரி காலண்டரை எடுத்துச் சில தாள்களைத் தள்ளினார்.

"நவம்பர் பத்து, திங்கக்கிழமை. வந்துரு தம்பி. வேலை இருக்கும்."

அவருக்கு யாரும் எந்தத் தேதியும் சொல்லியிருக்கவில்லை. இருந்தும் தன்னை நம்பி நிற்பவனுக்கு அவர் ஒரு தேதி சொன்னார். அந்த இளைஞன் செல்போனை எடுத்து, நின்ற இடத்திலேயே டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். உரிமையாளர் சாக்பீஸ் ஒன்றைத் தேடி எடுத்து, பலகையின் ஓரத்தில் சின்னதாக '10-11' என்று எழுதிவைத்தார்.